முக்கோணம்

அம்மாவின் வீட்டைக் காலிசெய்த வாரம்
நானும் டெரிக்கும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.
சுவர்க்கடிகாரம் அவனுக்கு, தையல்பெட்டி எனக்கு.
கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த தொப்பிச் சின்னத்துக்கு மட்டும்
இரண்டு கைகள் நீண்டன.

தாத்தா வில்ஃப் ட்வெடில், பார்டர் படைப்பிரிவு,
பிரான்ஸில் ஒரு குளிர்காலம் முழுக்கச் சேற்றில் நின்றவர்
என்பது எங்கள் வீட்டு வேதம்.
கிறிஸ்துமஸ் மேசையில், வான்கோழி வருவதற்கு முன்பே
அப்பா அந்தச் சேற்றைப் பரிமாறிவிடுவார்,
ஆண்டுக்கு ஓர் அங்குலம் ஆழம் கூட்டி.

கார்லைல் கோட்டைக்குப் பின்னால், மீன்கடைக்கு மேல் மாடியில்,
மஸ்கிரேவ் அதை வாங்கியதும் கவிழ்த்தார்.
முகத்தைப் பார்க்கவே இல்லை. முதுகைத்தான்.
"அச்சில் அடித்ததென்றால்
முன்பக்கத்து மேடெல்லாம் பின்னால் பள்ளமாக விழுந்திருக்கும்.
இது தட்டை. வார்த்தது.
நட்சத்திர முனைகளைப் பாருங்கள், பிள்ளை சப்பித் துப்பிய மிட்டாய்.
இந்தத் தகடு எந்தத் தொப்பியிலும் ஏறியதில்லை.
எழுபதுகளில் சந்தையில் கூடைகூடையாக விற்றது."

டெரிக்கின் காது சிவந்தது.
தாத்தா தொலைத்துவிட்டு வேறு வாங்கியிருப்பார் என்றான்.
தாத்தா ஐம்பத்தாறிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்
என்று நான் சொல்லவில்லை.
ஒரு சனிக்கிழமை, மழை, அப்பாவின் கையில் நனைந்த காகிதப் பை,
"கிடைத்துவிட்டது" என்று மட்டும் சொன்ன குரல்.
அதையும் சொல்லவில்லை.

மஸ்கிரேவ் பூதக்கண்ணாடியைக் கீழே வைக்காமல்
என் கழுத்தைப் பார்த்தார்.
கோட்டில் பொத்தான் அறுந்த இடத்தில்
காலையில் அவசரத்துக்குக் குத்திக்கொண்டது,
நூல்கண்டுகளுக்கு அடியில் கிடந்த
பித்தளை முக்கோணம்.
"அதைக் கழற்றுங்கள்."

போர்ப்பணியில், 1916.
பின்னால் ஐந்து இலக்க எண்.
முறிந்த ஊசிக்குப் பதில் கொண்டை ஊசித் துண்டை
யாரோ ஒட்டவைத்திருந்தார்கள்.
வெடிமருந்து ஆலைப் பெண்களுக்குக் கொடுத்தது என்றார்.
எண்ணை வைத்துப் பெயரைப் பிடிக்க முடியுமா?
உதட்டைப் பிதுக்கினார்.
அந்தப் பேரேடு கண்ணில் பட்டதே இல்லையாம்.

பேரேடு எதற்கு? எங்களுக்கு டோர்காஸ் இருந்தாள்.
அப்பாவின் அத்தை. வில்ஃபின் தங்கை.
அவளைப் பற்றி வீட்டில் இருந்தது ஒரே ஒரு கதை:
டாஃபி தின்று தின்று
இருபத்தைந்து வயதில் பல்செட்டு கட்டிக்கொண்டவள்.
எந்தப் புகைப்படத்திலும் வாய் திறந்ததில்லை.
நாங்கள் டாஃபி கேட்கும்போதெல்லாம்
அவள் பெயரைச் சொல்லித்தான் மறுப்பார்கள்.

"அமிலப் புகை" என்றார் மஸ்கிரேவ்,
டாஃபியைக் கேட்டுச் சிரிக்காமல்.
"பல்லைத்தான் முதலில் தின்னும்."

இன்னும் சொன்னார்.
ஆலை வாசலில் சோதனை.
மோதிரம், சீப்பு, கொண்டை ஊசி, காலணி ஆணி,
உலோகம் எதுவும் உள்ளே போகாது.
ஒரு பொறி போதும்.
இதையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் போவார்கள்.

பிறகு எதற்குக் கொடுத்தார்கள் என்றான் டெரிக்.

"ரயிலுக்கு. தெருவுக்கு.
உன் அண்ணன் அங்கே நிற்கிறான்,
நீ என்ன கிழிக்கிறாய் என்று கேட்கிறவர்களுக்கு."

வில்ஃப் நின்றாரா, எங்கே நின்றார்,
அது இன்னும் தெரியாது. விண்ணப்பம் போட்டிருக்கிறேன்.
போலிச் சின்னத்தை டெரிக்கே எடுத்துக்கொண்டான்.
"சுவரில் ஆணி இருக்கிறது" என்றான்,
வீடு விற்றாகிவிட்டதை மறந்து.

திங்கட்கிழமை, துணைமின் நிலையம்.
பதினெட்டு வருடப் பழக்கம்:
பேனலைத் திறக்குமுன் மோதிரம், கடிகாரம், கழுத்துச் சங்கிலி,
எல்லாம் புகையிலை டப்பாவின் மூடியில்.
நாக்கு தானாக ஒருமுறை
பற்களின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தது.
கோட்டிலிருந்து முக்கோணத்தையும் கழற்றி
அவற்றின் பக்கத்தில் வைத்தேன்,
எண் மேலே தெரியும்படி,
கவிழ்த்து.